பள்ளம் கையைப் பிடிக்கும், வரிசையைச் சொல்லாது: ஒரு சீன எழுத்துப் பயிற்சிப் பெட்டி

பெட்டியைத் திறந்தால் நான்கு புத்தகங்கள், ஒரு பேனா, ஒரு கட்டு ரீஃபில், விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பிடி ஒன்று. விலை 12 சிங்கப்பூர் வெள்ளி. புத்தகங்களில் எழுத்தை அச்சடித்ததோடு விடாமல் தாளிலேயே பள்ளமாக அமுக்கியும் வைத்திருக்கிறார்கள். பேனா முனையைப் பள்ளத்தில் இறக்கி இழுத்துக்கொண்டே போனால் பார்க்க லட்சணமான சீன எழுத்து ஒன்று வந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் மை மங்கி மறைந்துவிடும், அதே பக்கத்தில் மறுபடி எழுதலாம். சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் சீனர் வீடுகளில் சோபாவுக்கு அடியில் கைவிட்டால் இந்த வகைப் புத்தகம் ஒன்றாவது தட்டுப்படும். எண்களுக்கு ஒன்று, பின்யின் எனப்படும் ரோமன் உச்சரிப்புக்கு ஒன்று, அடிப்படைக் கீற்றுகளுக்கு ஒன்று, முழு எழுத்துகளுக்கு ஒன்று என்று நான்கும் நான்கு வேலைக்கு.

கீற்று என்று நான் சொல்வது, பேனாவைத் தாளில் வைத்ததிலிருந்து எடுப்பது வரை வரும் ஒரே இழுப்பு. சின்னப் புள்ளியும் ஒரு கீற்றுதான், இரண்டு தரம் மடிந்து கீழே இறங்கும் நீளக் கோடும் ஒரு கீற்றுதான். சீன எழுத்தில் எத்தனை கீற்று, எது முதலில், எது கடைசியில் என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். "சரியான வரிசையில் எழுதப் பழகுங்கள்" என்று பெட்டி மேலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வாக்குறுதியை வைத்துத்தான் இதை எடைபோடப் போகிறேன்.

நான் பாலர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். அடுத்த அறையில் சீனம் எடுப்பவரை பெரியவர் சின்னவர் எல்லாரும் லாவ்ஷி, அதாவது ஆசிரியர், என்றே கூப்பிடுவோம். பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "டீச்சர், இது என்ன?" என்று நீட்டும்போது விழிப்பது அலுத்துவிட்டது. பேச்சு காதில் விழுந்து விழுந்தே ஓரளவு வந்துவிட்டது. எழுத்து அப்படி வராது. அதைக் கையால் பிடித்து இழுத்தால்தான் மண்டையில் நிற்கும் என்பது லாவ்ஷியின் கட்சி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வாங்கிய இடம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். 1980இல் கட்டிய அந்தக் கட்டடத்தைச் சீனர்கள் ஷூ செங், அதாவது புத்தக நகரம் என்பார்கள். தேசிய நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. கடையின் பெயர் வேண்டாம். தூரிகை, மைக்கல், கட்டம் போட்ட நோட்டு எல்லாம் ஓர் ஓரமாக அடுக்கியிருந்தார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு "பிள்ளைக்கா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் பில் போட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான்கில் உருப்படியானது கீற்றுப் புத்தகம். படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு, இடப்பக்கம் சரியும் வீச்சு, வலப்பக்கம் சரியும் வீச்சு, புள்ளி, மடிப்பு, கொக்கி, கீழிருந்து வலப்பக்கம் மேலே தூக்கும் தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். வலப்பக்க வீச்சு எனக்கு இந்தப் பள்ளத்தில்தான் பிடிபட்டது. மெல்லத் தொடங்கி, இறங்க இறங்க அழுத்தம் கூடி, அடியில் ஒரு கணம் நின்று, பிறகு பாதம்போலத் தட்டையாக வெளியே போகவேண்டும். பள்ளம் அந்த இடத்தில் அகலமாகவும் ஆழமாகவும் இருப்பதால் பேனா தானாக நிற்கிறது. வாயால் எவ்வளவு விளக்கினாலும் இது கைக்கு வராது. நம் ஊரில் ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பாரே, அந்த வேலையை இந்தப் பள்ளம் செய்கிறது.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் யோங் என்ற எழுத்து பெரிதாக இருக்கிறது. என்றென்றும் என்று பொருள். தூரிகை எழுத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதை வைத்துத்தான் கை பழகுகிறார்கள், ஏனென்றால் புள்ளி முதல் வீச்சு வரை எட்டு வகை அசைவும் இந்த ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடும். இன்றைய கணக்குப்படி எண்ணினால் ஐந்தே கீற்று. எட்டு அசைவு ஐந்து கீற்றுக்குள் எப்படி ஒளிந்திருக்கிறது என்று பள்ளத்தில் இழுத்துப் பார்க்கும்போது நன்றாகவே தெரிகிறது. இந்தப் பக்கத்துக்கு மட்டும் தனியாக இரண்டு வெள்ளி கொடுக்கலாம்.

அப்புறம் நான்காவது புத்தகம், முழு எழுத்துகள். தகராறு இங்கேதான்.

வரிசை விதிகள் கேட்க எளிமையானவை. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் வெட்டிக்கொண்டால் படுக்கை முதலில். இடப்பக்க வீச்சு முதலில், வலப்பக்க வீச்சு பிறகு. சிறியது என்ற எழுத்தைப்போல நடுவில் ஒன்றும் இருபக்கமும் ஒவ்வொன்றும் இருந்தால் நடு முதலில். சுற்றிச் சுவர் உள்ள எழுத்து என்றால் மூன்று பக்கச் சுவர் எழுப்பி, உள்ளே இருப்பதைப் போட்டு, கடைசியில் அடிக்கோட்டால் மூடவேண்டும். "உள்ளே போ, அப்புறம் கதவைச் சாத்து" என்று லாவ்ஷி பிள்ளைகளுக்குச் சொல்வார். நாடு என்று பொருள்படும் குவோ என்ற எழுத்துக்கு எட்டுக் கீற்று. கதவு சாத்துவது எட்டாவது.

விதி இருந்தால் விலக்கும் இருக்கும். இது என்ற பொருளில் வரும் ஜ்ச எழுத்தில் இடப்பக்கமும் அடியிலும் சுற்றி வரும் நடைக்குறி உண்டு. இடமிருந்து வலம் என்ற விதியை நம்பினால் அதைத்தான் முதலில் போடத் தோன்றும். ஆனால் உள்ளே உள்ளது முழுவதும் எழுதி முடித்த பிறகே அது வரவேண்டும். வாசல் என்று பொருள்படும் மென் என்ற எழுத்துக்குப் பெரிய சட்டத்தை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் புள்ளிதான் முதல் கீற்று. இந்த மாதிரி இடங்களில்தான் பயிற்சிப் புத்தகத்தின் யோக்கியதை தெரியும்.

ஆகவே ஒரு சோதனை செய்தேன். வாய் என்ற கோவ் எழுத்து வெறும் சதுரம். இடச்சுவர் ஒன்று, மேல்கோடும் வலச்சுவரும் சேர்ந்து மடிந்து ஒன்று, அடிக்கோடு ஒன்று என்று மூன்று கீற்று. நான் வேண்டுமென்றே அடியில் தொடங்கி, பேனாவை எடுக்காமல் ஒரே சுற்றாகச் சுற்றிவந்தேன். பள்ளம் மறுக்கவில்லை. பக்கத்தில் பார்த்தால் முத்துமுத்தான எழுத்து. குவோவில் முதலில் கதவைச் சாத்திவிட்டுச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே எழுதினேன், அதுவும் அழகாகவே வந்தது. ஜ்சவில் நடைக்குறியை முதலில் போட்டேன். அப்போதும் புத்தகம் என் பக்கம்தான். என்ன வரிசையில் போனாலும் ஒரே விளைவு தருகிற கருவியிடம் வரிசையைக் கற்றுக்கொள்ள முடியாது.

வரிசையே காட்டவில்லை என்று சொல்லமுடியாது. ஒவ்வொரு வரியிலும் முதல் கட்டத்தில் கீற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பொடிப்பொடியாக எண் போட்டிருக்கிறார்கள். எட்டுக் கீற்று எழுத்து என்றால் எட்டு எண்களும் ஒரு கட்டைவிரல் நக அளவு இடத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எது எந்தக் கீற்றின் எண் என்று கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. எழுதத் தொடங்கியதும் கை அதையும் மறைத்துவிடும். இரண்டாம் கட்டத்திலிருந்து அதுவும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை அந்த எண்களைப் பார்த்து எழுதும் என்று நம்புகிறவர் ஐந்து வயதுப் பிள்ளையோடு ஒரு மணி நேரம்கூட இருந்திருக்கமாட்டார்.

எங்கள் வகுப்பில் இதே மாதிரிப் புத்தகத்தில் பழகிவிட்டு வந்த பிள்ளைகளை லாவ்ஷி எட்டத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். வெற்றுத்தாளில் எழுதச் சொன்னால் போதும். கோவ் எழுத்தை ஒழுங்காக எழுதினால் அடிக்கோடு சுவர்களின் காலடியில் தாங்கலாக விழும், வலமூலையில் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சூரியன், வயல் போன்ற எழுத்துகளில் உள்ளே கோடு இருப்பதால் நேர்மாறு: சுவர்களின் கால்கள் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி நிற்கும். ஒரே சுற்றாகச் சுற்றி எழுதிய பிள்ளைக்கு இந்த நுணுக்கம் எதுவும் வராது. மூலை மழுங்கி உருளைக்கிழங்காக இருக்கும். எழுதும்போது பக்கத்தில் நிற்காவிட்டாலும், எந்த வழியில் கை போனது என்பதைத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

"வரிசை மாறினால் என்ன, எழுத்து எழுத்துதானே?" என்று என் கணவர் கேட்டார். பலரும் கேட்பார்கள். கைபேசியில் கீற்றுத் தட்டச்சு என்று ஒரு முறை இருக்கிறது. ஐந்தே ஐந்து பொத்தான்: படுக்கை, நிமிர்வு, இட வீச்சு, புள்ளி, மடிப்பு. எழுத்தின் கீற்றுகளை வரிசையாக அழுத்தினால் எழுத்து வந்து நிற்கும். பின்யின் தெரியாத மூத்தவர்களுக்கு இது வசதி. வெளியே போகும் வழியைக் காட்டும் சீனப் பலகையில் சூ என்ற எழுத்து இருக்குமே, அதற்கு மடிப்பு, நிமிர்வு, நிமிர்வு, மடிப்பு, நிமிர்வு என்று அழுத்தவேண்டும். நடுவில் உயரமாக நிற்கிறதே என்று அந்தக் கோட்டிலிருந்து தொடங்கினால் வேறு ஏதேதோ எழுத்துகள் வரும். இதைக் கணவரிடம் செய்து காட்டினேன், அதற்குமேல் பேச்சில்லை.

வேகமாக எழுதும்போதும் இதே கதைதான். சீனர்கள் கைவேகத்தில் எழுதுவது அச்சு எழுத்தைப்போல இருக்காது. ஒரு கீற்றின் வாலும் அடுத்ததின் தலையும் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் ஒரே வரிசையில் போவதால்தான் அந்த ஒட்டும் ஒரே மாதிரி விழுகிறது, அடுத்தவரால் படிக்க முடிகிறது. தண்ணீரைக் குறிக்கும் இடப்பக்கத்து மூன்று துளிகளில் மூன்றாவது மட்டும் கீழிருந்து மேலே ஏன் தூக்குகிறது? அடுத்து எழுதவேண்டிய பகுதி வலப்பக்கம் மேலே இருக்கிறது, கை அங்கே போகத் தயாராகிறது. அவ்வளவுதான் ரகசியம். இடக்கைப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். லாவ்ஷி அவர்களுக்கும் அதே வரிசையைத்தான் சொல்லித்தருகிறார்.

கீற்றை எண்ணுவது பள்ளிக்கூடத்தோடு முடியும் சங்கதியும் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் நடந்துவந்தது சீனப் பெயரின் முதல் எழுத்தில் எத்தனை கீற்று என்ற கணக்கில்தான். வழக்கப்படி கிரேக்கம் முதலில் வந்தது, அடுத்து இரண்டே கீற்றில் தொடங்கும் கினி. இந்தியாவின் யின் எழுத்துக்கு ஐந்து கீற்று, ஆகவே முன்பக்கமே வந்துவிட்டது. இலங்கைக்குப் பன்னிரண்டு, ஆஸ்திரேலியாவுக்குப் பதினைந்து. பாவம், ஆஸ்திரேலியர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் போனபிறகுதான் உள்ளே வந்தார்கள்.

பெட்டிக்கு வருவோம். நான்காவது புத்தகத்தில் வயல் என்ற தியன் எழுத்துக்குப் போட்டிருந்த எண்களைப் பார்த்து லாவ்ஷி புருவத்தைச் சுருக்கினார். சுவரெழுப்பிய பிறகு உள்ளே படுக்கைக் கோடு, பிறகு நிமிர்ந்த கோடு, கடைசியில் அடிக்கோடு என்பது சீனத்து வரிசை. இந்தப் புத்தகத்தில் நிமிர்ந்த கோடு முந்திக்கொண்டது. "இது ஜப்பான்காரர்கள் எழுதும் வரிசை, டீச்சர். எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றார். ஜப்பானில் அது சரிதான். அவர்கள் 1958இல் கல்வி அமைச்சு வெளியிட்ட கையேட்டைப் பின்பற்றியே பழகினார்கள். தைவானுக்கும் தனி வரிசை உண்டு. சீனம் 1997இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசையை வகுத்து வெளியிட்டது, பிறகு 8,105 எழுத்துகளுக்கான புதிய விதி 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் பிள்ளைகள் படிப்பது சீனத்தின் எளிய எழுத்து. அப்படியிருக்க, இங்கே விற்கும் பெட்டியில் ஜப்பானிய வரிசை எட்டிப்பார்ப்பது கவலையீனம். வரிசை கற்றுத்தருகிறேன் என்று மேலே எழுதிவிட்டு உள்ளே வரிசையைத் தப்பாகப் போட்டால் 12 வெள்ளி எதற்கு?

மை பற்றியும் சொல்லவேண்டும். மறையும் என்பது உண்மை. முழுவதும் மறையும் என்பது உண்மையில்லை. திரும்பத் திரும்ப எழுதிய பக்கங்களில் பள்ளத்தின் அடியில் பழுப்பாக ஒரு படிவு தங்கிவிடுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். மழைநாளில் ஏர்கான் போடாத அறையில் மங்குவதற்கு ரொம்ப நேரம் எடுக்கிறது. ரீஃபில்களில் பாதி பாதியிலேயே நின்றுபோனது. ரப்பர் பிடி என் விரலுக்கு ஏறவே இல்லை, அதைக் குறை என்று சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்காகச் செய்தது. தாள் நல்ல தடிமன். கட்டு பிரியவில்லை. எண்கள் புத்தகமும் பின்யின் புத்தகமும் எனக்கு வேண்டாதவை. ஒன்று இரண்டு மூன்று எழுதப் பள்ளம் எதற்கு? அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

இதைவிட நல்லது என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதே கடை ஓரத்தில் கட்டம் போட்ட சாதாரண காப்பி நோட்டு இருந்தது, ஒரு வெள்ளியும் சில்லறையும். அதில் பள்ளம் கிடையாது. ஒவ்வோர் எழுத்துக்கும் மேலே ஒரு வரிசை: முதல் கட்டத்தில் முதல் கீற்று மட்டும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று எழுத்து கட்டம் கட்டமாக வளர்ந்துகொண்டே போகும். புதிதாகச் சேரும் கீற்று மட்டும் சிவப்பில் இருக்கும். பொடி எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீழே வெற்றுக் கட்டங்கள். கட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிக்கோடு இருப்பதால் எது நடுவில், எது மேலே தள்ளி நிற்கிறது என்று கண்ணால் அளந்து எழுதவேண்டும். முதல் சில பக்கங்கள் பார்க்கச் சகிக்காது. ஆனால் பள்ளத்தில் வராத ஒன்று இதில் வருகிறது: அடுத்த கீற்றை எங்கே தொடங்குவது என்று நாமே முடிவுசெய்யும் பழக்கம்.

வரிசைக்கு மட்டும் என்றால் ஹான்ஸி ரைட்டர் என்ற இலவச நிரலைப் பயன்படுத்தும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. 9,000 எழுத்துகளுக்கு மேல் உண்டு. திரையில் விரலால் கீற்றை இழுத்தால், முறை வந்த கீற்றாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும், முறை தவறினால் கோடு கரைந்துபோய்விடும். மூன்று தடவை தவறினால் எந்தக் கீற்று என்று தானே மினுக்கிக் காட்டும். நம் கோணல் கோட்டை ஏற்றதும் அழகான கோடாக மாற்றிப் போட்டுக்கொள்வது இந்த வகைத் திரைப் பயிற்சியின் குணம், அதனால் கையெழுத்து திருந்தாது. ஆனால் கதவை முன்கூட்டியே சாத்தினால் அது விடவே விடாது. எனக்கு வேண்டியதும் அதுதானே.

லாவ்ஷி சொல்லி நீர்த்துணி ஒன்றும் வாங்கினேன். சாம்பல் நிறத்தில் சுருட்டி வைத்திருக்கும் துணி, ஒரு தூரிகை, ஒரு சின்னக் கிண்ணம். வெறும் தண்ணீரில் தோய்த்து எழுதினால் கறுப்பாகத் தெரியும், காய்ந்ததும் துணி பழையபடி ஆகிவிடும். இதில் ஒரு வேடிக்கையான பலன். முதலில் எழுதிய கீற்று முதலில் காய்கிறது. எழுத்து எழுதிய வரிசையிலேயே மறைவதைப் பார்க்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளை எழுதி முடித்ததும் லாவ்ஷி பேசாமல் கைகட்டி நிற்பார். கதவு முதலில் காய்ந்தால் பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிடும். துணி ஆறேழு வெள்ளி இருக்கும், தூரிகை மட்டும் மட்டம், முடி உதிர்கிறது.

யாருக்கு இந்தப் பெட்டி? பென்சிலே பிடிக்கத் தெரியாத மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு, பக்கத்தில் வரிசை தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், சரி, வாங்கலாம். கை உறுதிப்படும். தனியாக உட்கார்ந்து பழகும் பெரியவர்களுக்கும், பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகும் பெற்றோருக்கும் வேண்டாம். தப்பான வரிசை ஒருமுறை கையில் ஊறிவிட்டால் அதை எடுப்பது புதிதாகக் கற்பதைவிடப் பெரிய பாடு என்று லாவ்ஷி ஆண்டுதோறும் ஜனவரியில் புலம்புவதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கீற்றுப் புத்தகம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பெட்டி பிரிந்துபோன சரக்கு என்று சில கடைகளில் உள்ளே வைத்திருப்பார்கள், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 3 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு காப்பி நோட்டு, ஒரு 2பி பென்சில். மறையும் பேனாவைத் தொடவேண்டாம்.